கலெக்டர் லீவு விட்ட பிறகு: எங்கள் வீட்டு மழைக்காலப் பட்டியல்

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று டிவியில் எழுத்து ஓட ஆரம்பித்தாலே எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வேலை கிளம்பிவிடும். கணவர் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர் இறங்கும் குழாயை அடைத்திருக்கும் இலைதழையை எடுப்பார். அத்தை மெழுகுவர்த்தி இருக்கிறதா, தீப்பெட்டி நமுத்துப் போயிருக்கிறதா என்று பார்ப்பார். எட்டாவது படிக்கும் மகளுக்கு ஒரே கவலைதான்: கலெக்டர் லீவு விட்டாரா இல்லையா. அடுத்த ரெண்டு மூணு நாள் நாலு பேரும் ஒரே ஹாலில் அடைந்து கிடக்கும்போது டிவியில் என்ன ஓட வேண்டும், கரண்ட் போனால் கையில் என்ன புத்தகம் இருக்க வேண்டும் என்பது என் இலாகா.

கடலூர்க்காரர்களுக்கு மழை என்றால் இரண்டு மனசு. 2011 டிசம்பர் 30ஆம் தேதி 'தானே' புயல் கரையைக் கடந்தது எங்கள் பக்கத்தில்தான். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு மழையை ரசித்து எழுதக் கை வராது. 2024இல் ஃபெஞ்சல் புயலின்போது தென்பெண்ணையில் வந்த வெள்ளம் இன்னும் பேச்சில் இருக்கிறது. ஆகவே இது வீட்டுக்குள் தண்ணீர் வராத மழைக்கான பட்டியல். பால் பாக்கெட் வந்துவிட்டது, கூரை ஒழுகவில்லை, வெளியே போக வழியில்லை, போக வேண்டிய அவசியமும் இல்லை. அந்த மாதிரி நாட்களுக்கு.

மழை நாள் என்றால் பலரும் த்ரில்லரைத்தான் சிபாரிசு செய்வார்கள். எங்கள் வீட்டில் அது எடுபடவில்லை. புஷ்கர் காயத்ரி உருவாக்கிய 'சுழல்' நல்ல தொடர். 2022இல் வந்த முதல் சீசனில் மயானக் கொள்ளைத் திருவிழாவைக் கதையோடு பின்னியிருந்த விதத்துக்காகவே பார்க்கலாம். மேல்மலையனூர் பக்கம் அந்தத் திருவிழாவை நேரில் பார்த்தவர்களுக்கு அந்த வேஷமும் மேளமும் வேறு மாதிரி உறைக்கும். ஆனால் காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கும்போது, காணாமல் போன ஒரு பெண்ணைத் தேடும் கதையோடு உட்கார்ந்திருப்பது சுகமாக இல்லை. அதைவிடப் பெரிய தொல்லை, எபிசோடின் கடைசி நிமிடத்தில் ஒரு கொக்கியைப் போட்டு நிறுத்துவார்கள். சரியாக அப்போதுதான் கரண்ட் போகும். அப்புறம் ராத்திரி முழுக்க "யாரா இருக்கும்மா?" என்று அத்தை கேட்டுக்கொண்டே இருப்பார். த்ரில்லரையெல்லாம் வெயில் காலத்துக்கு ஒதுக்கிவிட்டோம்.

மழைக்கு வேண்டியது, முடிச்சு அவிழ்வதற்காகக் காத்திருக்க வைக்காத கதை. பாதியில் நின்றாலும் கெட்டுப் போகாது. எழுந்துபோய் பஜ்ஜி போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் அதே மனிதர்கள் அங்கேயே இருப்பார்கள். கதையை விடக் கூட்டாளிகள் முக்கியம் என்பதுதான் என் கணக்கு.

அந்தக் கணக்குக்கு அச்சாகப் பொருந்தியது 'தலைவெட்டியான் பாளையம்'. 2024 செப்டம்பரில் அமேசான் பிரைமில் வந்தது, எட்டு எபிசோடு. வேறு நல்ல வேலை கிடைக்காமல், வேண்டாவெறுப்பாக ஊராட்சிச் செயலர் வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வந்து சேரும் சென்னைப் பையனின் கதை. அந்த ஊரில் பெயருக்கு ஊராட்சித் தலைவராக இருப்பது மனைவி, நிஜத்தில் எல்லாம் பார்ப்பது கணவர். ஊராட்சி அலுவலகமே அந்தப் பையனுக்கு வீடு. 'பஞ்சாயத்' என்ற இந்தித் தொடரின் மறுஆக்கம் இது. மூலத்தில் ஒரு சுழல் நாற்காலிக்காக ஒரு எபிசோடு, காணாமல் போன கம்ப்யூட்டர் மானிட்டருக்காக இன்னொன்று என்று சின்னச் சின்ன விஷயங்களைப் பிடித்துக்கொண்டே போவார்கள். இதிலும் அதே தடம்தான். யாரும் சாக மாட்டார்கள், யாரும் பழிவாங்கக் கிளம்ப மாட்டார்கள்.

இதை அத்தைக்குப் போட்டுக் காட்டியபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். டைட்டிலில் இயக்குநர் நாகா என்று பெயர் வந்தது. "மர்மதேசம் எடுத்த நாகாவா?" என்றார். ஆமாம், அவரேதான். தொண்ணூறுகளில் அந்த டிவி தொடரின் 'விடாது கருப்பு' கதையைப் பார்த்துவிட்டுக் கொல்லைப்புறம் போகவே பயந்த தலைமுறை அவர். அடுத்து, தலைவரும் கணவருமாக தேவதர்ஷினியும் சேத்தனும் வந்தார்கள். அவர்களும் மர்மதேசத்துக்காரர்கள், நிஜ வாழ்க்கையிலும் தம்பதி. அவ்வளவுதான். முதல் எபிசோடில் கதை ஓடிக்கொண்டிருக்க, அத்தை என் கணவருக்கு அந்தக் காலத்துக் கருப்பு கதை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார். நாங்கள் ஒன்றையும் தவறவிடவில்லை. இந்த மாதிரித் தொடரின் அருமையே அதுதான்.

குறையும் உண்டு. இந்தியில் பார்த்தவர்களுக்குக் காட்சிக்குக் காட்சி அடுத்து என்ன என்று தெரிந்துவிடும். திருநெல்வேலி மண்ணுக்கென்று புதிதாக இன்னும் நாலு சங்கதி சேர்த்திருக்கலாம். இரண்டில் எதை முதலில் பார்க்கலாம் என்று கேட்டால், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தமிழ், தனியாகப் பார்த்தால் இந்தி. இந்தியில் இதுவரை நான்கு சீசன் வந்திருக்கிறது, நீண்ட மழைக்குத் தாங்கும்.

'ஸ்வீட் காரம் காபி' 2023இல் வந்தது. பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறைப் பெண்கள் வீட்டை விட்டுக் கிளம்பிக் காரில் ஊர் சுற்றுகிறார்கள். நடித்திருப்பது லட்சுமி, மதுபாலா, சாந்தி. நடுவில் கொஞ்சம் இழுக்கும். பயணம் என்பதால் படமாக்கிய இடங்கள் அழகாக இருக்கும் என்பது ஆறுதல். ஆனால் மாமியாரோடு உட்கார்ந்து பார்க்க இதைவிட நல்ல தொடர் எனக்குத் தெரியவில்லை. எபிசோடு முடிந்ததும் அவர் தன் கல்யாணத்துக்கு முன்பு தனியாகச் சிதம்பரத்துக்கு ரயிலேறிப் போன கதையைச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அதை யாரிடமும் சொன்னதில்லையாம்.

'பாராசூட்' ஐந்தே எபிசோடு, ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். அப்பா உயிராக வைத்திருக்கும் மொபெட்டை எடுத்துக்கொண்டு அண்ணனும் தங்கையும் கிளம்பிவிடுகிறார்கள். பாராசூட் என்பது அந்த வண்டியின் பெயர். அப்பா பையனை அடிக்கும் காட்சிகள் கொஞ்சம் கடுமை. ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். அடிக்கிற அப்பாக்களுக்குக் கட்டாயம் போடலாம். 'ஹார்ட் பீட்' ஆஸ்பத்திரி கதை, முதல் சீசனே நூறு எபிசோடு. ஒரு புயலுக்கு அது தாங்காது, நாலு புயல் வேண்டும். மகள் பார்க்கிறாள், நான் சமையலறையிலிருந்து காதால் மட்டும் கேட்கிறேன். அது போதுமானதாக இருக்கிறது.

வெளிநாட்டுத் தொடர்களில் எங்கள் வீட்டை மொத்தமாகச் சாய்த்தது, 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்த கொரியத் தொடர் 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்'. பதினாறு எபிசோடு. ஜெஜு தீவில் பிறந்த ஏ-சுன் என்ற பெண், சின்ன வயதிலிருந்து அவளையே சுற்றி வரும் குவான்-சிக் என்ற பையன், இருவரும் கிழவன் கிழவி ஆகும் வரை கதை போகிறது. இளவயது ஏ-சுன்னாகவும் அவளுடைய மகளாகவும் ஐயூ ஒருவரே நடித்திருக்கிறார். நாலு நாலு எபிசோடாக, வசந்தம், கோடை என்று பருவத்தின் பெயரில் பிரித்து வெளியிட்டார்கள். அந்தக் கணக்கிலேயே நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒரே மூச்சில் பார்த்தால் கண் வீங்கிவிடும்.

நாங்கள் பார்த்தது ஆங்கில சப்டைட்டிலோடு. அத்தைக்குப் படிக்க வராது. எனவே மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஓடஓடத் தமிழில் சொன்னாள். ஏ-சுன்னின் அம்மா கடலில் முங்கிச் சிப்பி எடுப்பவர். ஜெஜுவில் அது பரம்பரையாகப் பெண்கள் செய்யும் தொழில், காற்றுச் சிலிண்டர் எதுவும் கிடையாது.

"ஆயா, அவங்க மூச்சை அடக்கிட்டு அடியில போறாங்க. மேல வந்ததும் விசில் மாதிரி சத்தம் வருது பாருங்க, அதுதான் மூச்சு விடுறது."

"நம்ம தேவனாம்பட்டினத்துப் பொம்பளைங்க மீன் விக்கப் போவாங்க. இவங்க கடலுக்குள்ளயே போறாங்களா? புருஷனுங்க என்ன பண்றானுங்க?"

அதற்கு மகளிடம் பதில் இல்லை. பிறகு அவள் சோம்பேறித்தனமாக நாலு வசனத்தை ஒரே வரியில் சுருக்க ஆரம்பித்தாள். "அவ அவ்ளோ நேரம் பேசினா, நீ 'சரின்னு சொல்றா'ன்னு மட்டும் சொல்ற?" என்று அத்தை பிடித்துக்கொண்டார். பெரியவர்களுக்குப் பிற மொழித் தொடர் புரியாது என்று ஒதுக்கிவிடுகிறோம். வீட்டில் கதை சொல்ல ஒரு பிள்ளை இருந்தால் போதும். பிள்ளைக்கும் அது நல்ல பயிற்சி. தமிழில் முழு வாக்கியமாகப் பேச வேண்டியிருக்கிறது.

ஜப்பானிய இயக்குநர் கொரே-எடாவின் கைவண்ணத்தில் 2023இல் வந்த 'தி மக்கனாய்' எனக்கும் மகளுக்கும் மட்டும் பிடித்தது. கியோட்டோவில் நாட்டியக்காரி ஆகப் பயிற்சிக்கு வரும் இரண்டு தோழிகளில் ஒருத்திக்கு ஆட்டம் வரவில்லை; அந்த வீட்டின் சமையல்காரி ஆகிவிடுகிறாள். ஒன்பது எபிசோடும் சமைக்கிறாள், மற்றவர்கள் சாப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். கணவர் இரண்டாவது எபிசோடிலேயே தூங்கிவிட்டார். பசியோடு உட்கார வேண்டாம். பண்ருட்டி உடைந்த முந்திரியை நெய்யில் வறுத்து மிளகுத்தூள் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். முழு முந்திரியை விட விலை குறைவு, வாய்க்கு ஒன்றும் வித்தியாசம் தெரியாது.

இதெல்லாம் கரண்ட் இருக்கும் வரைக்கும்தான். கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் வைஃபை போகும். செல்போன் டவரின் பேட்டரி தீர்ந்தால் அதுவும் போகும். எனவே தாழ்வு மண்டலம் என்று சொல்லும்போதே போனில் டவுன்லோடு செய்துவிடுகிறேன். குறைந்த தரத்தில் இறக்கினால் போதும், போன் திரைக்கு அது தாராளம், இடமும் பேட்டரியும் மிச்சம். டவுன்லோடு செய்தது எப்போதும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சில தொடர்கள், பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். அதனால் இறக்கி வைத்துவிட்டுச் சும்மா பார்ப்போமே என்று ஆரம்பிக்காதீர்கள். ஏரோபிளேன் மோடில் போட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். இன்வெர்ட்டரில் டிவி ஓடும்தான். ஆனால் கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத ராத்திரியில் அந்த பேட்டரி ஃபேனுக்கும் விளக்குக்கும் போன் சார்ஜுக்கும் வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு அத்தைதான் காவல்.

புத்தகத்துக்கு வருகிறேன். நெய்வேலியில் ஜூலையில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் வாங்குவதுதான் எங்கள் மழைக்காலச் சரக்கு. சென்னைக் கண்காட்சி வழக்கமாக ஜனவரியில். மழை முடிந்த பிறகு வாங்கி என்ன செய்வது! ஜூலையில் வாங்கினால் அட்டையைத் தடவிப் பார்த்துப் பார்த்தே ஐப்பசி வந்துவிடும்.

எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில் படிப்பதற்கென்று சில விதிகள் உண்டு. எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். புத்தகம் கையில் கனக்கக் கூடாது. அத்தியாயம் சின்னதாக இருக்க வேண்டும். தானே சமயத்தில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோது, இதுதான் சந்தர்ப்பம் என்று அறுநூறு பக்க நாவலை எடுத்தவர்களை எனக்குத் தெரியும். வாளியில் தண்ணீர் பிடிக்க ஓடவும் போன் சார்ஜ் போட அலையவுமாக இருக்கிற நாளில் அது நடக்காது. அந்த மாதிரி நாளுக்குச் சிறுகதைதான்.

சிறுகதை என்றால் நான் கையில் எடுப்பது அ. முத்துலிங்கம். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்து, ஆப்பிரிக்கா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் என்று வேலை பார்த்து, கனடாவில் குடியேறியவர். 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்' 2008இல் வந்தது. நாவல் என்று பெயர். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு தனிக்கதை போலப் படிக்கலாம். சிரிப்பு வரும், அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் கொஞ்சம் தொண்டை அடைக்கும். புதிய புத்தகம் இல்லை என்பது தெரியும். மழைக்குப் புதுசு பழசு கிடையாது.

புதிதாக வேண்டும் என்றால் தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்'. 2023ஆம் ஆண்டு சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல். கொங்கு நாட்டுக் குடிநாவிதர் குடும்பம் ஒன்று. காரு மாமா இறந்துபோகிறார், சொந்தங்கள் கூடுகின்றன, அவரவர் நினைவில் பழைய கதை திரும்புகிறது. சாவு வீட்டுக் கதையை இதமான நாளுக்கா சொல்கிறாய் என்று என் கணவரே கேட்டார். படித்துப் பார்த்தால் தெரியும். சாவு வீட்டில் அழுது ஓய்ந்த பிறகு ராத்திரி திண்ணையில் சொந்தக்காரர்கள் பழசைப் பேசிக்கொண்டிருப்பார்களே, அந்தச் சூடு இந்த நாவலில் இருக்கிறது. சின்ன நாவல்தான், ஆனால் உறவுப் பெயர்கள் நிறைய வரும். முதல் பக்கத்திலேயே பென்சிலால் யார் யாருக்கு என்ன முறை என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நான் அப்படித்தான் செய்தேன். அடுத்துப் படித்த நாத்தனார் அதற்கு நன்றி சொன்னார்.

மகளுக்குக் கொடுத்தது பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'. தன் 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் எழுதுவதையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டு, 2016இல் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அவர் திரும்பி வந்து எழுதிய நாவல். கைக்குள் அடங்கும் ஒரு கறுப்பு ஆட்டுக்குட்டி ஒரு கிழவன் கிழவி வீட்டுக்கு வருகிறது. ஆட்டுக்கெல்லாம் காது குத்தி அடையாளம் போடும் அரசாங்கம் ஒன்று பின்னால் நிற்கிறது. குழந்தைக்கு அது ஆட்டுக் கதை, நமக்கு அது வேறு கதை. முடிவு மனசைக் கனக்க வைக்கும் என்பதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிட்டேன்.

ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு இப்போது அலை அலையாக வருவது ஜப்பானிய, கொரிய 'மனசுக்கு மருந்து' வகை நாவல்கள். பூனை, காபிக் கடை, புத்தகக் கடை, மூன்றில் ஒன்றாவது அட்டையில் இருக்கும். சதோஷி யாகிசாவாவின் 'டேஸ் அட் த மொரிசாகி புக்‌ஷாப்' இதில் நல்லது. காதலன் வேறு பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சாதாரணமாகச் சொல்லிவிட, வேலையை விட்டுவிட்டு மாமாவின் பழைய புத்தகக் கடை மாடியில் வந்து தங்கும் பெண். டோக்கியோவில் பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன ஜிம்போச்சோவில் கதை நடக்கிறது. சின்னப் புத்தகம், ஒரு அடைமழைக்குள் முடித்துவிடலாம். ஹ்வாங் போ-ரெயுமின் 'வெல்கம் டு த ஹ்யுனாம்-டோங் புக்‌ஷாப்' கொரியக் கதை. வேலையில் நொந்துபோன ஒருத்தி கடை திறந்து, முதல் சில மாதம் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அந்தச் சும்மா உட்கார்ந்திருத்தல் ரொம்பப் பிடித்தது. 'பிஃபோர் த காபி கெட்ஸ் கோல்ட்' எல்லோரும் கொண்டாடுவது. காபி ஆறுவதற்குள் கடந்த காலத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்ற யோசனை அருமை. ஆனால் ஒவ்வொரு கதையிலும் அதே விதிகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பொறுமையைச் சோதிக்கிறார்கள். இந்த வகையில் வருஷத்துக்கு இரண்டு போதும். மூன்றாவது எடுத்தால் திகட்டும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், இருட்டில், ஒரே விளக்கில் ஆளுக்கொரு புத்தகம் படிக்க முடியாது. அப்போது ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பதுதான் வழி. அதற்குத் தேவனின் 'துப்பறியும் சாம்பு'வை மிஞ்ச ஆள் கிடையாது. ஒன்றும் தெரியாமல் உளறி, தடுக்கி விழுந்து, அதனாலேயே திருடனைப் பிடித்துவிடும் சாம்பு. கணவர் குரல் மாற்றிப் படிப்பார். எட்டாவது படிக்கிற பெண்ணும் எழுபது தாண்டிய பெண்மணியும் ஒரே இடத்தில் சிரிப்பது வேறு எதற்கு நடக்கிறது? வாய்விட்டுப் படிக்க ஏற்ற புத்தகத்தை ஒரு பக்கம் உரக்கப் படித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கண்ணுக்கு நன்றாக இருக்கும் நடை பல சமயம் நாக்கில் சிக்கும்.

புத்தகத்தைக் காப்பாற்றுவது பற்றியும் இரண்டு வார்த்தை. புரட்டாசி முடிவதற்குள் அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்துவிடுங்கள். அலமாரி சுவரை ஒட்டி இருந்தால் ஒரு கை அளவு முன்னால் இழுங்கள். ஓதம் முதலில் முதுகுப் பக்கமாகத்தான் ஏறும். தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டு வைக்கலாம். நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள், தாள் முறுக்கிக்கொள்ளும். கொஞ்சம் ஈரம் என்றால் விசிறி மாதிரி பிரித்து நிற்க வைத்து ஃபேன் காற்றில் உலர விடலாம். தொப்பலாக நனைந்திருந்தால் சில பக்கங்களுக்கு ஒருமுறை வெள்ளைத் தாள் வைத்து, தாள் நனைய நனைய மாற்ற வேண்டும். வழுவழுப்பான தாள் ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது. எல்லாவற்றையும் உடனே உலர்த்த முடியாவிட்டால், கரண்ட் வந்து நிலையான பிறகு பாலிதீன் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம். பூசணம் பிடிப்பதை அது நிறுத்தி வைக்கும். நூலகங்களிலும் செய்கிற வைத்தியம்தான் இது.

வரப்போகும் மழைக்கு எடுத்து வைத்திருப்பது பானு முஷ்தாக்கின் 'ஹார்ட் லேம்ப்'. 2025இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்ற கன்னடச் சிறுகதைகள், தீபா பாஸ்தி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது. பன்னிரண்டு கதைகள், ஒரு கதைக்கு ஒரு தேநீர் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். மகளின் பங்குக்கு 'த தர்ஸ்டே மர்டர் கிளப்' படம், நெட்ஃபிளிக்ஸில். முதியோர் குடியிருப்பில் நாலு பேர் சேர்ந்து கொலையைத் துப்பறிகிறார்கள். கொலைக் கதை வேண்டாம் என்று வைத்திருக்கிறோமே என்றேன். "இது கிழவிங்க கண்டுபிடிக்கிற கொலைம்மா, ஆயாவுக்குப் பிடிக்கும்" என்கிறாள். படம்தானே, ஒரே உட்காரலில் முடிந்துவிடும், கொக்கி கிடையாது என்பதால் அனுமதித்திருக்கிறேன்.